ரெக்கார்டர் பெட்டியால் விளைந்த நன்மைகள்

துடியலூர்,
ஆடி 29, வியாழக்கிழமை.

சத்தியமங்கலத்தில் கணவன் மக்களோடு குறைவில்லாமல் வாழ்கிற என் அருமைத் தங்கை மாசாணியம்மாளுக்கு, உன்னோடு கூடப் பிறந்த ஒரே அண்ணன் ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வீட்டுக்காரியும் உன் நங்கையுமான மாரியாத்தாளும் சுகம். எனக்கு ரத்தக் கொதிப்பு, அவளுக்கு முழங்கால், இரண்டும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்கே மாப்பிள்ளை அழகிரிசாமி, மருமகன் அருள்குமார், அம்மணி நந்திதா, மஞ்சள் காடு, வாழை, எருமை இரண்டு, எல்லோரும் எல்லாமும் நன்றாக இருக்கப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்குப் பதினான்கு முறை போன் செய்தேன். பதினான்கு முறையும் நீ கட் செய்தாய். திங்கட்கிழமை நந்திதா அவளாகவே கூப்பிட்டாள். "மாமா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஆனா பேசமாட்டாங்களாம். ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அந்த டி.வி.டி. பெட்டியால இந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு நன்மை வந்திருந்தாக்கூட அதைக் காயிதத்துல எழுதித் தபால்ல போடச் சொல்லுங்கங்கறாங்க. அதைப் படிச்சுப்போட்டுத்தான் துடியலூருக்குப் பத்திரிகை வெக்க வாரதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது. "தீமையும் எழுதச் சொல்லு. அதுக்கு எச்சா காயிதம் ஆகும்" என்றாய். என் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது, மாசாணி.

அருள்குமாருக்கு ஆவணி 13 முகூர்த்தம். இன்னும் பதினைந்து நாள். பெண் மேக்னா வீட்டார் பாதி ஊருக்குப் பத்திரிகை வைத்து முடித்துவிட்டார்கள். நீயும் மாப்பிள்ளையும் கவுண்டம்பாளையம் வரைக்கும் வந்து, அங்கே மூன்று வீட்டில் பத்திரிகை வைத்துவிட்டு, துடியலூர் பக்கம் திரும்பாமலேயே சத்திக்கு பஸ் ஏறிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத கல்யாணத்துக்குத் தாய்மாமனே ஆனாலும் போய் நிற்க முடியாது. மருமகனுக்கு எடுத்த பட்டு வேட்டி பீரோவில் இருக்கிறது. தினமும் காலையில் உன் நங்கை பீரோவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்க்கிறாள். ஆகையால் நீ கேட்டபடி எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் ஒரு நட்டு போல்ட் பிசகாமல் கணக்குக் காட்டியவன் நான். ஒரு பெட்டியின் நன்மை தீமையை எழுத எனக்குத் தெரியாதா?

நன்மை ஒன்று. நாம் வீட்டில் இல்லாதபோதும் பெட்டி தானே விழித்துக்கொண்டு, டி.வி.யில் வருவதைப் பதிந்து வைத்துவிடும். 2009 தீபாவளிக்கு வாங்கியது. கேசட்டும் போடலாம், டிஸ்க்கும் போடலாம், இதிலிருந்து அதற்குக் காப்பி எடுக்கலாம். பொருத்திக் கொடுக்க வந்தவர், "ஏதாச்சும் ஒரு கேசட்டும் காலி டிஸ்க்கும் குடுங்க, காப்பி ஆகுதான்னு பாத்துரலாம்" என்றார். உன் நங்கை அலமாரியில் கைக்குக் கிடைத்த ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். அது ஓடிய கொஞ்ச நேரம் அவர் காபி குடித்தார், நான் வாரண்டி அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனை டிஸ்க்கைக்கூட நான் விடவில்லை. எண் 1 என்று சீட்டு ஒட்டி, பிஸ்கட் டின்னில் அடியில் வைத்தேன். இன்றைக்கு டின்கள் ஆறு, டிஸ்க்குகள் இருநூற்றுப் பதினான்கு. எல்லாவற்றிலும் எண், தேதி, உள்ளே என்ன என்ற விவரம். ஒன்றில்கூடச் சீட்டு தப்பாக இல்லை. இதில் ஒரு டிஸ்க்கையாவது நான் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேனா என்று உன் நங்கை கேட்கிறாள். அது வேறு விஷயம்.

நன்மை ஒன்று, தொடர்ச்சி. மஞ்சள் செடியில் இலைக்கருகல் வந்தால் என்ன மருந்து அடிப்பது என்று விவசாய நிகழ்ச்சியில் சொன்னதை எல்லாம் மாப்பிள்ளைக்காகப் பதிந்து எட்டு டிஸ்க் கொடுத்து அனுப்பினேன். உங்கள் வீட்டு பிளேயரில் அது ஓடவில்லை. நான் பதிகிற டிஸ்க் என் பெட்டியில் மட்டுந்தான் ஓடும். வேறு இடத்தில் ஓட வேண்டுமென்றால் ரிமோட்டில் 'ஃபைனலைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி டிஸ்க்கை முடித்து வைக்க வேண்டும் என்று துடியலூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆஸிம் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. நான் ஒன்றிலும் அழுத்தவில்லை. முடித்துவிட்டால் அப்புறம் அதில் எதையும் சேர்க்க முடியாது. பாதி இடம் காலியாக இருக்கையில் முடித்து வைக்க யாருக்கு மனசு வரும்? அதுவுமில்லாமல், விளக்கை அணைத்தால்கூடக் குளிர வைத்தேன் என்று சொல்கிற குடும்பம் நம்முடையது. முடித்துவிட்டேன் என்று நானாக ஒரு பொத்தானை எப்படி அழுத்துவேன்? மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. எட்டையும் நூலில் கோத்து மஞ்சள் காட்டில் மயிலை விரட்டக் கட்டிவிட்டார். "மச்சான் டிஸ்க்கு வெயில்ல நல்லா மின்னுதுங்க. மயிலு வந்து மூஞ்சி பாத்துப்போட்டுப் போகுதுங்க" என்றார். இதை நன்மையில் சேர்ப்பதா தீமையில் சேர்ப்பதா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. மயிலைக் கேட்டால் தெரியும்.

நன்மை இரண்டு. கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது வேலை இருந்தால் பதிந்து வைத்துவிட்டு சாயங்காலம் பார்க்கலாம். ஆனால் அதுவரைக்கும் துடியலூரில் ஒருத்தரும் முடிவைச் சொல்லக்கூடாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கறிகாய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்ட தக்காளியைக் கொடுத்துவிட்டு, எனக்குக் காது கேட்கவில்லை என்று புரிந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்துத் தோற்றுவிட்டோம் என்று அபிநயம் பிடித்துக் காட்டினார். நல்ல மனுஷர். நன்மை இரண்டை அடித்துவிடுகிறேன்.

தீமைகளுக்கு வருகிறேன். ரிமோட்டில் ஐம்பத்தெட்டு பொத்தான்கள். எனக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்குத்தான் சிரமம். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துகிறார்கள் அல்லவா, ஒவ்வொரு தடவையும் பெட்டியின் கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு கண்ணைச் சிமிட்டும். நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் சீரியல் பதிய வேண்டிய நேரத்தில் பெட்டி தூங்கும். பதினாறு வருடத்தில் ஏறக்குறைய எல்லா மாதமும் கரண்ட் போனது. இந்த ஆனி மாதம் மட்டும், பேப்பரில் அறிவிப்பெல்லாம் போட்டுவிட்டு, அன்றைக்குக் கரண்டை நிறுத்தவில்லை. அது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு மட்டும் கரண்ட் போயிருந்தால் நீ இன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டிருப்பாய்.

மாசாணி, நடந்ததை வரிசையாக இதுவரைக்கும் உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். நீ கேட்க நிற்கவில்லை, நிற்காதது உன் தப்புமில்லை. எழுதிவிடுகிறேன்.

அருள்குமார் கல்யாணத்தில், தாலி கட்டுக்கு முன்னால் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீரை நந்திதா செய்ய வேண்டும், என் கல்யாணத்தில் நீ எனக்குச் செய்ததை அவள் பார்த்துக்கொள்ளட்டும், அந்தக் கேசட்டை டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவாருங்கண்ணா என்று நீதான் கேட்டாய். அருள்குமார், "மாமா, காந்திபுரத்துல ஸ்டுடியோவுல குடுத்தா பென் டிரைவ்லயே போட்டுத் தருவாங்க" என்றான். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், விஷயம் தெரிந்துதான் சொன்னான். நான்தான், "ஊட்டுல பெட்டி இருக்கையில ஸ்டுடியோக்காரன் எதுக்குடா? எனக்குத் தெரியாதா?" என்றேன். அந்த வாயை இன்றைக்கு என்ன செய்தால் தகும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேசட்டைப் போட்டு, தேடி, சரியாக இணைச்சீர் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினேன். நீ அரக்குச் சேலையில் வந்து நிற்கிறாய். சேலையின் ஒரு தலைப்பு உன் கையில், மறு தலைப்பு என் கக்கத்தில். அம்மா இன்னும் படத்துக்குள் வரவில்லை, ஓரத்தில் அவள் முந்தானை மட்டும் தெரிகிறது. அந்த இடம். அப்போது பார்த்தால் மணி ஐந்து, ராகு காலம். அம்மா வருகிற படத்தை ராகு காலத்தில் காப்பி எடுக்கலாமா? காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் திங்கட்கிழமை, ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் குளிகையில் நகை வாங்குவார்கள், சாவு காரியம் செய்யமாட்டார்கள். ஒன்றைப் பலவாக்குகிற காப்பி வேலைக்குக் குளிகையைவிடப் பொருத்தமான நேரம் உண்டா? நானே என்னை மெச்சிக்கொண்டு, கேசட்டை அந்த இடத்திலேயே பெட்டிக்குள் விட்டுவிட்டு, புது டிஸ்க்கை உறை பிரிக்காமல் சாமி படத்தின் முன்னால் வைத்தேன்.

திங்கள் முதல் சனி வரை மத்தியானம் ஒரு மணிக்கு உன் நங்கையின் சீரியலைப் பதிய அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைத்தவனும் நான்தான். உள்ளே டிஸ்க் இருந்தால் டிஸ்க்கில் பதியும். டிஸ்க் இல்லாவிட்டால் கேசட்டில் பதியும். இதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் குளிகையில் குளித்துவிட்டு உட்கார வேண்டும் என்ற நினைப்பில் இது தோன்றவில்லை. ஒன்றே காலுக்குத் தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், டி.வி. அணைந்திருக்கிறது, பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. "இங்க பாரு, பொட்டியே தயாரா நிக்குது" என்று உன் நங்கையிடம் காட்டிவிட்டு, அந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த நேரத்தில் உள்ளே அம்மா அழிந்துகொண்டிருந்தாள்.

கேசட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. வீடியோக்காரர் அப்போதே உடைத்துத்தான் கொடுத்தார். அந்த ஓட்டை வழியாகத் தூசி போய்விடுமே என்று அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வைத்தவன் நான். ஸ்டோர்ஸில் இருந்தவன் எந்த ஓட்டையையும் திறந்து வைக்கமாட்டான். ஓட்டை மூடினால் பெட்டி பல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்று ஆஸிம் சொன்னபோதுதான் தெரிந்தது. இப்படியாக நான் ஜாக்கிரதையாகச் செய்த மூன்று காரியங்களும் சேர்ந்து அதைச் செய்துபோட்டன.

ஒன்றரைக்குப் புது டிஸ்க்கைப் போட்டுக் காப்பிப் பொத்தானை அழுத்தினேன். வந்தது பந்தி. வாழையிலையில் ஜனங்கள் சாப்பிடுகிறார்கள். இணைச்சீர் எங்கே என்று கேசட்டைப் பின்னால் சுற்றினேன். ஒரு மாமியார் பாயசத்தில் என்னவோ பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் சுற்றினேன், இன்னும் அவளேதான். அரை மணி நேரம். அதற்கு முன்னால் போனால் உன் அரக்குச் சேலை ஒரு நொடி தெரிந்து, உடனே அவள் வந்துவிடுகிறாள். ஆஸிமிடம் ஓடினேன். "ஐயா, சிலேட்டுல எழுதினதை அழிச்சு மேல எழுதின மாதிரிங்க. பழசு வராதுங்க" என்றான். கூலி வாங்கமாட்டேன் என்றான். அது என்னை இன்னும் கலவரப்படுத்தியது.

அன்றைக்கே உனக்கு போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பந்தி டிஸ்க்கின்மேலேயே 'இணைச்சீர்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். இருநூற்றுப் பதினாலில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று மேலே எழுதினேனே, அதில் சேராத ஒன்று அது. சத்திக்குக் கொண்டுவந்தால் உங்கள் பிளேயரில் எப்படியும் ஓடாது, ஓடாத டிஸ்க்கில் என்ன இருந்தால் என்ன, நல்ல நேரம் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன் வீட்டுக்கு வந்தால் மேக்னாவின் அப்பா அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் இணைச்சீர் பார்க்கவென்று பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிஸ்க் ஓடவில்லை. "உங்க பிளேயர் சரியில்லை" என்றேன். மாப்பிள்ளை அந்த நிமிடமே கடைக்குப் போய்ப் புது பிளேயர் வாங்கிவந்தார். அதிலும் ஓடவில்லை. "இது துடியலூர் பொட்டியில மட்டுந்தான் ஓடும்" என்று சொல்லி நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள், நீ, "அப்படின்னா என்னங்கண்ணா, வேன் சொன்னா ஒன்றரை மணி நேரம், எல்லாரும் ஒட்டுக்காப் போயி உங்க ஊட்டுலயே பாத்துக்கலாம்" என்றாய். பதினோரு பேர் வேனில் வந்தோம். புளியம்பட்டியில் எல்லோருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். என் இளநீரை மட்டும் வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன்.

என் பெட்டியில் டிஸ்க் நன்றாக ஓடியது. முப்பத்து நான்கு நிமிடம் பந்தி ஓடியது. சம்பந்தி அம்மாள் ரசம் ஊற்றுகிறவரைப் பார்த்து, "இவுரு யாருங்க?" என்று மரியாதையாக விசாரித்தார். "இணைச்சீர் எங்கீங்கண்ணா?" என்று நீ கேட்டாய். "இதுக்கப்புறம்" என்றேன். "சாப்பாட்டுக்கு அப்புறமா இணைச்சீர்?" என்றாய். உன் நங்கை பாவம், ஒன்றும் தெரியாது, "எதுக்கு இந்தச் சிரமம், கேசட்டையே போட்டர்லாமுங்க" என்று அவளே எடுத்துப் போட்டாள். மாமியாரும் பாயசமும் வந்தன. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் நங்கை மட்டும் கையைத் தட்டி, "அட, இந்த எபிசோடைத்தானே மூணு வாரமாத் தேடிட்டிருந்தேன்!" என்றாள்.

நீ காபி குடிக்காமல் எழுந்தாய். கேட்டுக்கு வெளியே நின்று நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "போட்டோவுல அம்மா இருக்கறாங்க. ஆனா பேசறதில்லீங்கண்ணா. அம்மா தவறிப்போன வருசம் உங்க ஊட்டுல அந்தக் கேசட்டை ஒருக்காப் போட்டேன். அம்மா வர்ற எடத்துல அழுகை வந்து நிறுத்திப்போட்டேன். பொறவு பாக்க மனசு வர்ல. அந்த நேரம் அம்மா என்ற காதுகிட்ட வந்து என்னமோ சொன்னாங்க. வாய் அசைஞ்சதுதான் ஞாபகம் இருக்குது, பேச்சு வர்ல. எப்ப வேணாலும் கேட்டுக்கலாம்னு இருந்தேன். நீங்க அழிச்சது எனக்குப் பெருசில்லீங்கண்ணா. பந்தியைக் காட்டி ஏமாத்தப் பாத்தீங்க பாருங்க" என்றாய். வேன் போய்விட்டது. அந்த நேரத்தில் நானும் அம்மா பக்கத்தில்தான் நின்றேன், மாசாணி. அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என் கவலையெல்லாம் வேட்டி நழுவிவிடுமோ என்பதில் இருந்தது. எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வேட்டிதான் ஞாபகம் வருகிறது.

ஆகையால், நீ கேட்ட கேள்விக்குப் பதில். பதினாறு வருடத்தில் அந்தப் பெட்டியால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. எழுதிப் பார்த்தேன், இல்லை. இதைப் படித்துவிட்டு நீ பத்திரிகை வைக்க வராவிட்டால் அது நியாயந்தான். பட்டு வேட்டியை வேறு யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறேன். அதை மட்டும் திருப்பிவிடாதே, அவன் அளவுக்குப் பார்த்து எடுத்தது. நாளைக் காலையில் ஆஸிம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். உதிரி பாகத்துக்கு ஆகுமாம். டின்களையும் மாப்பிள்ளைக்கே அனுப்புகிறேன். மயில் நிறைய இருக்கிறது என்றாரே.

அருள்குமாரும் மேக்னாவும் நீண்ட காலம் ஒருவரையொருவர் பேச விட்டு வாழட்டும். நந்திதா தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உனக்கு, நேரில் வந்து செய்ய வேண்டிய ஆசீர்வாதத்தைக் காயிதத்தில் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. கவரை ஒட்டிவிட்டு மறுபடியும் கிழித்து எழுதுகிறேன். ஆஸிம் பெட்டியை எடுக்க வந்தான். "டிஸ்க்கைப் படிக்கிற கண்ணு வேலை செய்யுதான்னு பாக்கோணுங்க, ஏதாச்சும் ஒரு டிஸ்க் குடுங்கம்மா" என்றான். உன் நங்கை டின்னில் கைவிட்டு அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். எண் 1. என் கையால் நான் எழுதிய சீட்டு: 'சோதனை. உள்ளே ஒன்றும் இல்லை.'

உள்ளே நீ நிற்கிறாய். அரக்குச் சேலை. 2009இல் பொருத்த வந்தவருக்கு உன் நங்கை எடுத்துக் கொடுத்தது அந்தக் கேசட்தான் போல. நீ அழுது நிறுத்திய இடத்திலேயே அது அதுவரைக்கும் நின்றிருக்கிறது. அவர் காபி குடித்த பதினொரு நிமிடம். அம்மா தாம்பாளத்தோடு வருகிறாள், உனக்குத் தலையில் பூவைச் சரிசெய்கிறாள், என்னைப் பார்க்கிறாள், என் வேட்டியைப் பார்க்கிறாள், பிறகு உன் காதுகிட்டக் குனிகிறாள். நாயனம் அந்த நேரம் பார்த்து நிற்கிறது. தெளிவாகக் கேட்கிறது. நான்கு தடவை போட்டுக் கேட்டேன். உன் நங்கை அழுகிறாள். ஆஸிம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அம்மா சொன்னது இது:

"மாசாணி, இவனுக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு. நீதான் பாத்துக்கோணும்."

மேலே நான் எழுதியதில், ஒரு நன்மையும் இல்லை என்கிற வரியை அடித்துவிடு. சீட்டு தப்பில்லை என்ற வரியையும் அடித்துவிடு. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா என்று எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் அடித்துவிடு. ஆஸிம் சொல்கிறான், பெட்டியின் கண் மங்கிவிட்டது, இனி அதிக நாள் தாங்காது, இந்த டிஸ்க் உங்கள் வீட்டில் ஓட வேண்டுமென்றால் சீக்கிரம் அந்த ஃபைனலைஸ் பொத்தானை அழுத்தி முடித்து வைத்துவிட வேண்டுமாம். நான்கு நிமிடம் ஆகுமாம். அந்த நான்கு நிமிடமும் கரண்ட் போகக்கூடாதாம். நான் தொடமாட்டேன். பத்திரிகை கொண்டு வந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி, நீயே வந்து அழுத்து. ராகு காலம், குளிகை ஒன்றும் பார்க்காதே. சத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறு. எனக்கு ஒன்றும் தெரியாது, மாசாணி. நீதான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.